மின்மினிகளின் கல்லறை: ஒரு சித்திரப்படத்தின் பொருளும் உத்தியும்

சித்திரப்படம் என்றவுடன் பூனையும் எலியும் ஒன்றையொன்று துரத்தும் காட்சியே பலர் மனக்கண்முன் தோன்றும். சிறுவரைச் சிறிது பொழுது சிரிக்கவைத்து அனுப்புவதே அதன் பயன் என்னும் எண்ணம் கற்றாரிடையும் வேரூன்றியுள்ளது. அவ்வுலகிற் பாறையிலிருந்து விழுந்த பூனை தட்டையாகிப் பின் எழுந்து ஓடும். நோவும் சாவும் அங்கு இல்லை. 1988 ஆம் ஆண்டு ஏப்பிரல் 16 ஆம் நாள் யப்பானியத் திரையரங்குகளில் இரண்டு சித்திரப்படங்கள் ஒருங்கே வெளியிடப்பட்டன. ஒன்று, காட்டில் உறையும் பெரியதொரு மென்மயிர்ப் பிராணியோடு சிறுமியர் இருவர் நட்புக் கொள்ளும் ‘என் அயலவன் தொத்தோரோ’. மற்றையது ‘மின்மினிகளின் கல்லறை’. தொத்தோரோவைக் காட்டுதற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோர், இரண்டாவது படத்தின் தொடக்கத்திலேயே, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் புகைவண்டி நிலையத் தூணிற் சாய்ந்தவாறு பட்டினியால் உயிர்விடுவதைக் காண நேர்ந்தது.

இப்படத்தின் நெறியாளர் இசாவோ தக்காஹாத்தா. ஜிப்லி கலைக்கூடத்தின் முதல்வர்களுள் ஒருவராகிய அவர் 1935 இற் பிறந்து 2018 இல் மறைந்தார். சித்திரப்பட நெறியாளராயிருந்தும் தாம் படம் வரையாதவர் என்பது அவரைப் பற்றிப் பலரும் வியந்து கூறும் செய்தி. வரைவோர் பலரின் கைகளைத் தம் எண்ணத்தின் வழியே இயக்கியவர் அவர். படத்துக்கு மூலமாயமைந்தது அக்கியூக்கி நொசாக்கா 1967 இல் எழுதிய சிறுகதை. அவ்வாண்டின் பிற்பகுதிக்குரிய நவோக்கிப் பரிசு அதற்குக் கிடைத்தது.

கதை பிறந்த காரணத்தை அறியாது படத்தின் பொருளை அறிதல் இயலாது. நொசாக்கா 1930 இற் பிறந்தவர். கோபே நகரில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். 1945 ஆம் ஆண்டு யூன் மாதம் 5 ஆம் நாள் அந்நகர்மீது நிகழ்ந்த தீக்குண்டுத் தாக்குதலில் அவ்வீடு அழிந்தது. இரண்டு வயதும் நிரம்பாத வளர்ப்புத் தங்கை சில வாரங்களின்பின் உணவின்மையால் அவரது பொறுப்பில் இருக்கையிலேயே இறந்தாள். கதையில் வரும் தமையன் தங்கைக்காகத் திருடுகிறான், அடிபடுகிறான், தன் வாய்க்கவளத்தையும் அவளுக்குக் கொடுக்கிறான். தாம் அத்துணை நல்ல தமையனாக இருக்கவில்லை என்றும், தங்கைக்குரிய உணவைத் தாமே உண்டதுண்டு என்றும் நொசாக்கா பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆகவே இக்கதை நினைவுக்குறிப்பு அன்று. செய்யத் தவறியதைக் கதையிற் செய்து பார்த்த கழுவாய் எனல் பொருந்தும். கழுவாய் தேடியவர் கதையிலும் அத்தமையனைப் பிழைக்க விடவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

கதையைச் சுருங்கக் கூறலாம். சேய்தா என்பான் கடற்படை அதிகாரி ஒருவரின் மகன், வயது பதினான்கு. தங்கை செற்சுகோவுக்கு வயது நான்கு. குண்டுவீச்சில் தாய் எரிகாயமுற்று இறக்கிறாள். பிள்ளைகள் நிஷினோமியாவில் தூரத்து உறவுப் பெண்ணொருத்தியின் வீட்டில் அடைக்கலம் புகுகின்றனர். அங்கே வசைமொழி பொறுக்கமாட்டாது வெளியேறிக் குளக்கரையில் கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றிற் குடிபுகுகின்றனர். உணவு அருகுகிறது, செற்சுகோ மெலிந்து நோயுற்று இறக்கிறாள். அவளைத் தானே தகனம் செய்து, எலும்புகளைப் பழைய இனிப்புப் பேணியொன்றில் இட்டு வைத்திருந்த சேய்தா, 1945 செப்டெம்பர் 21 ஆம் நாள் இரவு கோபே நகரின் சன்னோமியா நிலையத்தில் இறக்கிறான்.

படம் இம்முடிவிலிருந்தே தொடங்குகிறது. தான் இறந்த நாளைச் சேய்தாவின் ஆவியே நமக்கு அறிவிக்கிறது. நிலையத்தைத் துப்புரவு செய்வோன் ஒருவன் பிணத்தின் மடியிலிருந்த துருப்பிடித்த பேணியை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, இன்னதென்று அறியாது, வெளியே புல்லில் எறிகிறான். மூடி கழன்று சிறு எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. மின்மினிகள் எழுகின்றன. அவற்றிடையே செற்சுகோவின் ஆவி தோன்றுகிறது. தமையனும் தங்கையும் புகைவண்டியில் ஏறித் தம் கதையைத் தாமே காணச் செல்கின்றனர்.

இனி என்ன நிகழுமோ என்னும் ஆவலைக் கதையின் உயிராகக் கருதுவோர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் யப்பானிய நாடக மரபில் இது புதிதன்று. சிக்கமட்சு மொன்சாயெமோன் (1653–1725) இயற்றிய பாவைக்கூத்துகளில் இறப்பதெனத் துணிந்த காதலர் இருவர் சாவை நோக்கி நடக்கும் வழிநடைக் காட்சியே உச்சமாகும். முடிவு யாதென அவையோர் அறிவர். அவ்விடத்துக்கு அவர்கள் எவ்வாறு நடந்து சென்றனர் என்பதையே காணவிரும்புவர். தக்காஹாத்தா தம் படத்தையும் அத்தகைய வழிநடையாகவே அமைத்துள்ளார். செற்சுகோ சிரிக்கும் ஒவ்வொரு காட்சியும் அவள் எலும்புகளைக் கண்டபின் காணும் காட்சியாகிவிடுகிறது.

இதனினும் நுட்பமானது ஆவிகளின் பயன். கதையின் நடுவே சிற்சில இடங்களில் இவ்விருவரும் செந்நிற ஒளி தோய்ந்த உருவினராய் ஓரத்தில் நின்று, உயிரோடிருந்த தம்மைத் தாமே பார்க்கின்றனர். தாயின் உடைகளை அரிசிக்கு மாற்ற உறவுப் பெண் எடுத்துச் செல்கையில் செற்சுகோ அவை அம்மாவுடையவை எனக் கதறுகிறாள். அப்பொழுது செந்நிறச் சேய்தா தன் செவிகளைப் பொத்திக்கொள்கிறான். ஒரு சொல் இல்லை. இசையால் எவ்விளக்கமும் இல்லை. இறந்தும் அவனாற் கேட்டுத் தாங்கமுடியாத அழுகை ஒன்று உண்டு என்பது மட்டும் விளங்குகிறது. படம் முழுவதையும் ஆளும் நோக்குநிலை இதுவே. இது போரின் வரலாறு அன்று. தங்கையைக் காக்கத் தவறிய ஓர் உயிர் தன் தவற்றை மீண்டும் மீண்டும் பார்க்கும் பார்வையாகும்.

தவறு என்ற சொல்லைப் பலர் மறுப்பர். பதினான்கு வயதுச் சிறுவன் என்ன தவறு செய்தான்? கொடியவள் அவ்வுறவுப் பெண் அல்லளோ? முதன்முறை பார்ப்போர் அனைவரும் அவ்வாறே எண்ணுவர். அவள் சோற்றுக் கஞ்சியைப் பகிரும் காட்சி மறக்கற்பாலதன்று. தன் மகளுக்கும் வேலைக்குச் செல்வோர்க்கும் அகப்பையை அடியில் விட்டு அள்ளுகிறாள். இப்பிள்ளைகளுக்கு மேலே நிற்கும் நீரை வார்க்கிறாள். அவர்களுடைய தாயின் உடைகளை விற்று வந்த அரிசியும் அதில் உண்டு. எனினும் படத்தை இரண்டாம் முறை பார்ப்போர் வேறு சிலவற்றையும் காண்பர். வீட்டிலுள்ள ஏனையோர் அனைவரும் வேலைக்குச் செல்கின்றனர். சேய்தா பகலிற் படுத்து நூல் படிக்கிறான். தங்கையோடு கடற்கரைக்குச் செல்கிறான். பள்ளியும் எரிந்தது, தொழிற்சாலையும் எரிந்தது என்று அவன் கூறுவது உண்மையே. எனினும் வேறு வேலை தேட அவன் முயலவில்லை; தீயணைக்கும் அயலவர் குழுவிலும் சேரவில்லை. அவள் வாய் கொடிது. அவள் கூறும் கணக்கோ முற்றும் பொய்யன்று.

பிள்ளைகள் விடைபெறும்போது அவள் முகத்திற் சிறு தடுமாற்றம் தோன்றுகிறது. தடுப்பாள் போலுள்ளது, தடுக்கவில்லை. அந்த அரைக்கணத் தயக்கத்தை வரைந்து காட்டிய கை அவளை அரக்கியாக்க மறுத்த கை. 2005 இல் யப்பானியத் தொலைக்காட்சி இக்கதையை நடிகரைக் கொண்டு மீண்டும் எடுத்தபோது, அவ்வுறவுப் பெண்ணின் பக்கமாக நின்றே கதையைச் சொல்லிற்று. அவள்பால் வழக்கு ஒன்று உண்டு என்பதைத் தக்காஹாத்தாவின் படமே முன்னர் உணர்த்தியிருந்தது எனலாம்.

வீட்டை விட்டு நீங்குதல் அக்காலத்தில் இடம் மாறுதல் மட்டுமன்று. போர்க்கால யப்பானில் அரிசி முதலியன பங்கீட்டிலேயே கிடைத்தன. அப்பங்கீடு அயற்குழுக்களின் வழியாக நடைபெற்றது. குடும்பத்தையும் அயலையும் துறந்தவன் சோற்றையும் துறந்தவனாவான். சேய்தாவிடம் பணம் உண்டு. தாய் வங்கியில் இட்ட பணம். ஆனால் விற்போர் இல்லாத நாளிற் பணம் தாளே. அவனிடம் பரிவுள்ள கமக்காரர் ஒருவர், அவ்வீட்டுக்கே திரும்பிப் போய்த் தலைவணங்கி மன்னிப்புக் கேள் என்று அறிவுரை கூறுகிறார். சேய்தா போகவில்லை. படத்தின் அச்சாணி இவ்விடமேயாகும். அவன் தலை வணங்கியிருந்தால் செற்சுகோ பிழைத்திருப்பாளோ? படம் விடை கூறவில்லை. ஆனால் வினாவை மறைக்கவுமில்லை.

அவலநாடகத் தலைவன் தீயோனாகவும் இருத்தலாகாது, குற்றமற்ற தூயோனாகவும் இருத்தலாகாது, ஏதோ ஒரு பிழையால் வீழ்பவனாதல் வேண்டும் என்பது அரிஸ்தோத்திலின் கொள்கை. சேய்தாவின் பிழை பெருமிதம். கடற்படை அணிவகுப்பின்போது மாயா என்னும் போர்க்கப்பலில் தந்தை சென்ற காட்சியை அவன் மின்மினி வெளிச்சத்தில் நினைத்து மகிழ்கிறான். ஏகாதிபத்தியக் கடற்படை வெல்லும், தந்தை வந்து அனைத்தையும் சீராக்குவார் என்பது அவன் நம்பிக்கை. தந்தைக்கு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை. மாயா என்னும் அக்கப்பல் 1944 ஒக்டோபரிலேயே பிலிப்பைன் தீவுகளருகே நீரில் மூழ்கிவிட்டது. இதைப் படம் வெளிப்பட உரைக்கவில்லை. வரலாறறிந்தோர்க்கு அவ்விளக்கவொளிக் காட்சி முழுவதும் வேறொரு பொருள் தருகிறது. நாடு தன் மக்களுக்கு ஊட்டிய பெருமிதமும் இச்சிறுவனின் பெருமிதமும் ஒன்றே என்பதும், இரண்டும் ஒரே மாதத்தில் உடைந்தன என்பதும் கருதத்தக்கன. போர் முடிந்ததை அவன் அறிவது வங்கியிற் பணம் பெறச் சென்றபோதே. கடற்படை முழுதும் அழிந்தது என்று கேட்டு அவன் கொள்ளும் வெறி, தங்கையின் நோயால் விளைந்த துயரினும் உரத்து ஒலிக்கிறது.

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கன் வழிப் பிறக்கும் என வகுத்தார் தொல்காப்பியர். பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், நுகரப் பொருளில்லாமை என அவற்றை விரிக்கலாம். இப்பிள்ளைகளிடத்து நான்கும் ஒருங்கே வந்து கூடியுள்ளன. ஆயினும் படம் அழுகையைத் தூண்டுவதிற் பெரிதும் அடக்கம் காட்டுகிறது. தாய் சாகும் நிலையிற் கிடப்பதைக் கண்டு வந்த சேய்தா, பள்ளி முற்றத்தில் அம்மாவைக் கேட்டுக் குந்தியிருந்து அழும் தங்கையைத் தேற்ற வகையறியாது, அங்கிருந்த குறுக்குக் கம்பியிற் பாய்ந்து தொங்கிச் சுழன்று சுழன்று உடற்பயிற்சி செய்கிறான். படக்கருவி நெடுந்தொலைவில் நிற்கிறது. அகன்ற மணல்முற்றம், ஒருபுறம் குந்தியிருக்கும் சிறு உருவம், மறுபுறம் சுழலும் சிறு உருவம். சிறுவனொருவனின் இயலாமையை இதனினும் செவ்வனே காட்டுதல் அரிது.

இனி உத்திகளுட் சிலவற்றை நோக்கலாம். திரைப்படம் ஒரு நொடிக்கு இருபத்துநான்கு சட்டகங்களாக ஓடுகிறது. 89 நிமிடம் ஓடும் இப்படத்தில் 128,160 சட்டகங்கள் உள. ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் வரைவதில்லை. ஒரு வரைபடத்தை இரண்டு அல்லது மூன்று சட்டகங்களுக்குப் பயன்படுத்துதல் யப்பானிய வழக்கம். இச்சிக்கனத்தாற் சண்டைக் காட்சிகளிற் கேடில்லை. ஆனால் நான்கு வயதுக் குழந்தை சப்பாத்தைக் கழற்றுவதையும், நித்திரைத் தூக்கத்தில் தலை சாய்வதையும் காட்டுதற்கு அளவற்ற பொறுமை வேண்டும். பாத்திர உருவங்களை அமைத்து வரைவோரை மேற்பார்த்தவர் யோஷிஃபூமி கொண்டோ. செற்சுகோ நடக்கும் நடையிலேயே அவள் உடல்நிலை தெரிகிறது. தொடக்கத்தில் ஓடுகிறாள், நடுவில் நின்று சொறிகிறாள், முடிவிற் படுத்தபடி கையை மட்டும் அசைக்கிறாள். அவளுக்குக் குரல் கொடுத்தவளும் உண்மையிலேயே சிறு குழந்தை. யப்பானிற் படம் முடிந்தபின் குரலைச் சேர்ப்பதே வழக்கமாயினும், இக்குழந்தையின் பேச்சை முன்னரே பதிவு செய்து, அதன் தயக்கங்களுக்கு ஏற்ப வாயையும் மூச்சையும் வரைந்தனர்.

சித்திரப்படங்களில் உருவங்களின் புறக்கோடு கறுப்பாயிருத்தலே முன்னைய மரபு. இப்படத்திலோ பழுப்புநிறக் கோடு பயன்படுத்தப்பட்டது. நிறப்பொறுப்பை ஏற்றவர் மிச்சியோ யசுடா. கறுப்புக் கோடு உருவத்தைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்துக் காட்டும். பழுப்புக் கோடு மண்ணோடும் மரத்தோடும் உருவத்தை இணைத்துவிடும். பார்ப்போர் இதை உணர்ந்து பார்ப்பதில்லை. எனினும் பழைய நிழற்படமொன்றைக் காணும் உணர்வு இதனாலேயே பிறக்கிறது.

தீக்குண்டுகள் விழும் காட்சி தனித்துக் கூறத்தக்கது. திரைப்படங்களிற் குண்டு என்றால் பெருமுழக்கமும் வெடிப்புமே காட்டப்படும். இங்கே மெல்லிய குழாய்கள் வாலிற் றீயோடு மழைபோல இறங்குகின்றன. தெருவில் விழுந்து ஒருகணம் வாளாகிடக்கின்றன. பின்னரே தீயைக் கக்குகின்றன. அக்கணநேர அமைதி எவ்வெடிச் சத்தத்தினும் அச்சந்தருவது. 1945 யூன் 29 ஆம் நாள் ஒக்காயாமா நகர் எரிந்தபோது ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்த தக்காஹாத்தா, பெற்றோரைப் பிரிந்து தமக்கையோடு தீக்கிடையே ஓடியவர். கண்டதையே வரைவித்தார் என்பது ஐயமின்றித் தெரிகிறது.

எனினும் படத்தின் தலைசிறந்த உத்தி ஒரு சிறு தகரப் பேணியே. சக்குமா என்னும் நிறுவனத்தின் பழச்சுவை இனிப்புகள் கொண்ட பேணி அது. முதலில் அது நிறைந்து ஒலிக்கிறது. பின் அடியில் ஒட்டிய சிலவற்றைச் சேய்தா தட்டித் தட்டி எடுக்கிறான். ஒன்றும் இல்லாதபோது நீர் வார்த்துக் குலுக்கி அந்நீரைத் தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கிறான். அவள் எல்லாச் சுவையும் அதில் உண்டு என எண்ணி மகிழ்கிறாள். பின்னொருநாள் அவள் வாயிற் போட்டு உறிஞ்சுவது இனிப்பன்று, விளையாட்டுக் கண்ணாடிக் காய் என்று அவன் காண்கிறான். மண்ணால் உருட்டிய சோற்றுருண்டைகளை உண்ணுமாறு அண்ணனுக்கு நீட்டுகிறாள். ஈற்றில் அப்பேணியில் எஞ்சுவது அவளே. உரையாடலாற் கூறின் மிகையாகிவிடும் பஞ்சத்தின் வரலாற்றை ஒரு பேணியின் ஒலி கூறிவிடுகிறது. பார்ப்போரும் தம்மையறியாது இனிப்புகளை எண்ணத் தொடங்குகின்றனர்.

மின்மினியும் அவ்வாறே பல பொருளைச் சுமக்கிறது. கதைத் தலைப்பில் மின்மினிக்குரிய வழக்கமான எழுத்தை விடுத்து, தீ என்பதற்கும் துளித்து விழுதல் என்பதற்கும் உரிய எழுத்துகளைச் சேர்த்து நொசாக்கா எழுதியுள்ளார். வானிலிருந்து விழுந்த தீயும் அப்பெயரிற் கலந்துள்ளது. இரவில் வானிற் செல்லும் தற்கொலைத் தாக்குதல் விமானத்தின் ஒளியை மின்மினிபோல் உள்ளது என்கிறாள் செற்சுகோ. அவ்விரவு நுளம்பு வலைக்குள் மின்மினிகளை விட்டு மகிழ்கின்றனர். விடிந்தபோது அவை இறந்து கிடக்கின்றன. குழந்தை குழி தோண்டி அவற்றைப் புதைக்கிறாள். அம்மாவும் குழியில் இருக்கிறாள் என்று மாமி சொன்னாள் என்கிறாள். அவளுக்கு மறைத்து வைத்த செய்தியை அவள் முன்னமே அறிந்திருந்தாள். தாயின் இறப்புக்கு அதுவரை அழாத சேய்தா அப்பொழுதுதான் அழுகிறான். மின்மினி ஏன் இவ்வளவு விரைவிற் சாகிறது என்னும் அவள் வினா சற்று வெளிப்படையான குறியீடு என்று குறை கூறுவோர் உளர். அக்குறையிற் சிறிது நியாயமும் உண்டு. குழிதோண்டும் காட்சியே போதுமாயிருந்திருக்கும்.

இக்கதையை நடிகரைக் கொண்டு எடுத்தல் ஆகாதோ என்னும் வினா எழலாம். பின்னர் எடுக்கவும் பட்டது. ஆனால் உண்மைக் குழந்தையொன்று படப்பிடிப்புக்காக மெலியமாட்டாது. மெலியச் செய்தலும் தகாது. ஒப்பனை கண்ணுக்குத் தெரியும்போது பார்ப்போன் மனம் விலகிவிடும். வரைபடத்தில் எல்லாமே வரைந்தவை ஆதலின் எதுவும் பொய்யாகத் தோன்றுவதில்லை. வேலை மிகுதியால் இப்படம் உரிய நாளில் முற்றுப்பெறவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம். சில காட்சிகள் நிறந்தீட்டப்படாமலே முதலில் அரங்குக்குச் சென்றன, பின்னரே நிறைவாக்கப்பட்டன.

செற்சுகோ இறந்தபின் குளத்தின் மறுகரை வீட்டுக்கு, போர்க்காலத்தில் வெளியூர் சென்றிருந்த பெண்கள் மகிழ்ச்சியோடு திரும்புகின்றனர். கிராமபோனில் ஓர் இசைத்தட்டைச் சுழலவிடுகின்றனர். அமெலித்தா கல்லி-கூர்ச்சி என்னும் இத்தாலியப் பாடகியின் குரலில் இல்லத்தின் இனிமையைப் போற்றும் ஆங்கிலப் பாட்டு நீர்மேல் மிதந்து வருகிறது. அப்பாட்டின் வழியே, அண்ணன் உணவு தேடிச் சென்ற வேளைகளிற் செற்சுகோ தனியே விளையாடிய பொழுதுகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. நிழலோடு கைவீசி விளையாடுகிறாள், குழிவாயிலைப் பெருக்குகிறாள், துணி தைக்க முயல்கிறாள். இவற்றைச் சேய்தா கண்டதில்லை. அவன் காணாதவற்றையே ஆவியாகிய அவன் இப்பொழுது காண்கிறான்.

இது போரை எதிர்க்கும் படம் என்று உலகெங்கும் பாராட்டப்பட்டபோது, தக்காஹாத்தா அதனை மறுத்தார். சமூகத்தைத் துறந்து இருவர் மட்டும் வாழ முயன்ற வாழ்வின் தோல்வியையே காட்ட எண்ணியதாகவும், சேய்தாவின் போக்கு 1980 களின் இளைஞர் போக்கை ஒத்தது எனவும் அவர் கூறியுள்ளார். நெறியாளர் கூற்றே முடிந்த முடிபு எனக் கொள்ள வேண்டுவதில்லை; பஞ்சத்தையும் தீயையும் விளைவித்தது போரே என்பதை எவரும் மறுத்தல் இயலாது. ஆயினும் போர் தீது என்று ஒப்புக்கொண்டு அரங்கை விட்டு வெளியேறிய ஒருவனைத் தொடர்ந்து சென்று தொந்தரவு செய்யும் ஆற்றல், அக்கஞ்சி அகப்பைக்கும் வணங்காத அத்தலைக்குமே உண்டு.

இறுதிக் காட்சியில் ஆவிகள் இரண்டும் குன்றொன்றின் மேலுள்ள இருக்கையில் அமர்ந்திருக்கின்றன. செற்சுகோ பேணியைக் கையில் வைத்தவாறு அண்ணன் மடியில் உறங்குகிறாள். சேய்தா ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்ப்போரை நேராக நோக்குகிறான். காட்சி மெல்ல மேலெழ, அவர்களுக்குக் கீழே 1945 இன் கரிநிலம் இல்லை. வானளாவிய கட்டடங்களோடு, எண்ணற்ற மின்விளக்குகள் எரிய, படம் வெளிவந்த காலத்துக் கோபே நகரம் விரிந்து கிடக்கிறது.